மழைக்குக் கொடுத்துவைத்த படம்

‘சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினால் விடமாட்டார். என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, உப்பு சரியாக இருந்ததா என்று கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு வாயை மூடிக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். கடையில் தின்றுவிட்டு வீட்டுச் சாப்பாடு என்று பீற்றிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வோம்.

ஊரில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, இழுத்துச் செருகிய முந்தானை, கழுத்தில் மரமணிச் செபமாலை. அருவிக்கரையில் இருந்த அரசாங்கப் பூந்தோட்டத்தில் நாற்றுச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. வாடிய நாற்றைக் கண்டால் எதிரே குந்தி உட்கார்ந்து, “என்ன, ஏன் தலையத் தொங்கப்போட்டிருக்க?” என்பார். பிறகு அது பதில் சொல்லும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை நான் நண்பர்களுக்கு நடித்துக் காட்டுவது வழக்கம். நாற்றாகவும் நானே நடிப்பேன். ஒருநாள் உச்சக்கட்டத்தில் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். திரும்பினால் பின்னால் அக்கா நிற்கிறார்.

“நல்லாத்தான் செய்யுற கிராணித்தம்பி,” என்றார். “ஆனா நான் கேட்டுட்டு அவ்வளவு சுருக்கா எந்திரிக்கமாட்டேன். இன்னும் கொஞ்சம் ஒக்காரணும்.”

கடலோரத்துக் கப்பல் ஆபீஸ் ஒன்றில் சாமான்களுக்கு ரசீது எழுதும் கிராணி நான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு டிராமில் ஏறினால் உலகமே நம்மைப் பார்க்கிறது என்று நம்பிய வயது. எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டது சித்திரக் கொட்டகையில்.

தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில், ஜாதிக்காய்த் தோப்புக்குப் பின்னால், பூந்தோட்டத்திலும் நீர்த்தேக்கத்திலும் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு இருந்தது. தோட்டத்துக்கு வரும் வெள்ளைக்காரத் துரைசானிகள் பூக்களைப் பார்த்து வரைவதைக் கண்டு, நம்மவர்களும் தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைய ஆரம்பித்தார்கள். வரைந்ததை எங்கே வைப்பது? அத்தாப்பு ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். ஊருக்குள் பயாஸ்கோப் வந்திருந்த சமயம் அது. வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். “இங்க படம் நிக்கும், நாமதான் நகரணும்,” என்று நான் சொல்லி அனுப்புவேன்.

மகா கலைகள் அங்கே இருந்ததாகச் சொல்ல மாட்டேன். முருகனுடைய மயில் கோழியைப் போலவும், கொடியில் இருக்கும் சேவல் மயிலைப் போலவும் இருந்த படம் ஒன்று. மரியன்னை ஒருத்திக்குத் தோட்டத்து அல்லிப்பூக்களையெல்லாம் தலையில் சூட்டியிருந்தார்கள். நானும் ஒரு கப்பல் வரைந்து கொடுத்தேன். எருமை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு பெரியவர் பாராட்டினார். அதன் பிறகுதான் என்னைத் துணைக் காரியதரிசியாக்கினார்கள். ஏதாவது தப்பு நடந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பதவி அது.

கொட்டகைக்குச் சாவி அக்காவிடம். வருஷத்தில் அதற்கு மூன்று காலம் உண்டு. சித்திரையில் புதுப்படம் மாட்டுவார்கள். தையில் பூசத்துக்காக மலைக்கு வரும் கூட்டத்துக்குத் திறந்து வைப்பார்கள். ஐப்பசியில் மழை. ஓலைக்கூரை ஒழுகும். அதனால் படங்களையெல்லாம் கழற்றி, வீட்டுக்கு ஒன்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ‘மழைக்குக் கொடுத்துவைக்கிறது’ என்று அதற்குப் பெயர். தை பிறந்ததும் படங்கள் திரும்ப வந்து தத்தம் ஆணியில் தொங்கும்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசை முடிந்ததும் அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிறமாதிரி ஒரு நடை. வாசலில் நின்று, “எப்படி இருக்கு?” என்பார். “சொகமா இருக்குக்கா. மூலையில கொஞ்சம் பூசணம்,” என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். “ஈரக்காத்துல எடுத்துக் காட்ட வேணாம், மூடியே வையிங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

இவ்வளவு கவலை எருமைக் கப்பலுக்காக அல்ல. கொட்டகை வாசலுக்கு இடப்பக்கத்தில் அவருடைய தம்பியின் படம் இருந்தது. அந்தத் தம்பி கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத் தானே வரைந்துகொண்டது. கழுத்துப்பட்டி வைத்த சட்டையை மசியில் கோடு இழுத்திருந்தான். முகத்துக்கு மட்டும் நீர்வண்ணம். கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவில் ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது, அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலைக்குப் போனவன் அவன். போனதும் ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் எட்டு வருஷமாக ஒன்றும் இல்லை. அவன் போட்டோ பிடித்துக்கொண்டவனில்லை. அவனுடைய முகம் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பலகைதான்.

பூசத்துக்குக் கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் சனம் வரும். அதற்காகத்தான் அக்கா மூன்று நாளும் வாசலை விட்டு நகரமாட்டார். காவடிக்காரர், மொட்டை போட்டவர், பிள்ளையைத் தோளில் தூக்கியவர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, படத்துக்கு முன்னால் நிறுத்துவார். “இந்த மொகத்த எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?” கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இல்லை என்று சட்டென்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அவசரமில்ல,” என்பார். முருகனைப் பார்க்க வந்தவர்களை ஒரு வேதக்காரப் பெண் இப்படி வழிமறிக்கிறாரே என்று யாரும் கோபப்பட்டதில்லை. நின்று, நன்றாகப் பார்த்து, இல்லையென்று சொல்லிவிட்டு மலையேறுவார்கள்.

அந்தப் படத்தை எப்போதும் ஓட்டு வீடு ஒன்றுக்குத்தான் மழைக்குக் கொடுப்பார். ரப்பர் விலை விழுந்த வருஷம், அந்த ஓட்டு வீட்டுக்காரர் வேலைபோய், குடும்பத்தோடு கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நான் டத்தோ கிராமாட்டில் காதர் என்ற நண்பனோடு ஓட்டு வீட்டு அறை ஒன்றில் குடியிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“ஒன் ரூமு ஒழுகுமா தம்பி?”

“ஒழுகாதுக்கா.”

காத்திருந்தார். “சன்னல் பக்கம்?”

“அங்கயும் ஒழுகாது.”

இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “நீ பத்திரமா வச்சிருப்பியா?”

“என்னக்கா இது. கப்பல் கப்பலாச் சாமானுக்குப் பொறுப்பா கையெழுத்துப் போடுறவன் நான்,” என்றேன்.

காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். டிராமை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் போட்டிருந்தது அன்றுதான் சலவையிலிருந்து வந்த வெள்ளை டிரில் கோட்டு. மறுநாள் ஆபீசில் புதுத் துரை வருகிறார். மனிதன் ஒரு நிமிஷத்தில் என்ன யோசிக்கிறான் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தேன். பலகையின் நடுவில் தண்ணீர் தேங்கி, முகம் கரைந்து, அழுக்கு மஞ்சளாக ஓரத்தில் வழிந்திருந்தது. மசியில் வரைந்த சட்டை அப்படியே இருந்தது. கழுத்துக்கு மேலே, வெளியே தள்ளி நிற்கும் ஒரு காது மட்டும் மிச்சம்.

காதர் மசாலைக் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தான். “யாருய்யா இது, தலையில்லாத முண்டம்?”

சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். “சூசாதான்லா ஒனக்கு, பெரிய தொல்ல. இப்பவே போயிச் சொல்லிடு. அழுவாங்க. அழட்டும். அது அவங்க தம்பி, அழத்தான் செய்வாங்க.”

“மழ விடட்டும்,” என்றேன். மழை விட்டது. நான் போகவில்லை.

அடுத்த ஞாயிறு காலை சீனன் கடையில் பள்ளிக்கூடத்து வண்ணப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். போன முகத்தைத் திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு. பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த முகம் எனக்கு நினைவில்லை. வருஷக் கணக்காக அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன், ‘மாப்பிள்ளை இன்னும் வரலியா’ என்று அதைப் பார்த்துக் கேலியும் பேசியிருக்கிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கண் எங்கே இருக்கும், மூக்கு எவ்வளவு நீளம் என்று அளவு பார்ப்பதற்காகச் சவரக் கண்ணாடியைச் சன்னலில் மாட்டினேன்.

“ஒய், மூக்கு ஒன்னுது மாதிரியே இருக்கு,” என்றான் காதர்.

“எல்லா மூக்கும் ஒண்ணுதான்.”

“எம் மூக்கு அப்படி இல்லலா.”

எருமை வரைந்த கை அது. வாழ்நாளில் நான் ஒழுங்காக வரைந்த படம் அது ஒன்றுதான். அச்சு அசலாக என்னைப் போலவே வந்தது.

மழையில் அக்கா வந்தார். வாசலில் குடையை உதறிக்கொண்டே, “எப்படி இருக்கான்?” என்றார்.

துண்டு போட்டு மூடிய படம் என் கட்டிலுக்கு மேலே இருந்தது. “தூங்குறாருக்கா,” என்றேன்.

சிரித்தார். சிரித்துவிட்டுக் காத்திருந்தார். “ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே.”

“நீங்கதானே சொல்வீங்க, ஈரக்காத்துல எடுக்கக்கூடாதுன்னு.”

அவர் போட்ட சட்டத்தை வைத்தே அவரை மடக்கினேன். “அதுவும் சரிதான்,” என்று துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அந்த மழைக்காலத்தில் இப்படி நாலைந்து ஞாயிறு. காதர் அந்த நேரங்களில் வெளியே போய்விடுவான்.

தை பிறந்தது. படத்தைக் கொண்டுபோய் ஆணியில் நானே மாட்டிவிட்டு நின்றேன். அக்கா எதிரே வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கறுத்துட்டான்,” என்றார்.

“மழக்காலம்க்கா. எல்லாப் படமும் கொஞ்சம் கறுக்கும்.”

“மூக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, இவன் இப்படியா இருந்தான்?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காதர் சொல்லச் சொன்னதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வெளியே யாரோ பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“இப்படித்தான் இருந்தாருக்கா,” என்றேன்.

“எட்டு வருசமாச்சு. எனக்குத்தான் மறந்துபோச்சு போல,” என்றார் அக்கா. முந்தானையால் சட்டத்தின் தூசியைத் துடைத்தார்.

அந்தப் பூசத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த முகமும் நானும் ஒரே கூரைக்குக் கீழே நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்திருந்தது. மூன்று நாளும் அக்கா வருகிறவர்களிடம் என் முகத்தைக் காட்டி, இவனைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. முன்பே எனக்கு என்னைப் பற்றி இருந்த பெரிய எண்ணம் அதில் கொஞ்சம் அடிபட்டது. சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அன்று உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், அதனால் சொல்கிறேன்.

அடுத்த மழைக்கும் படம் என்னிடமே வந்தது. அடுத்த பூசத்துக்கும் எனக்குக் காய்ச்சல். பூசம் முடிந்த மறுநாள் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகையில் அப்போது நடந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த பட்டர்வொர்த் வியாபாரி ஒருவர் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார். அக்கா வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்.

“ஏன் தெரியாது? நல்லாத் தெரியுமே,” என்றாராம் அவர். “டவுன்ல கப்பல் ஆபீஸ்ல வேல செய்றாரு. போன வாரம்கூட எஞ் சரக்குக்கு ரசீது எழுதுனாரு. சொகமாத்தான் இருக்காரு.”

அக்கா அவரிடம் அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். ஆபீசையும் தெருவையும் மட்டும் விசாரித்துக்கொண்டார். கொட்டகை நிறையக் கூட்டம் இருக்கும்போதே எல்லாரையும் வெளியே அனுப்பிப் பூட்டினார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை. வீட்டுக்குப் போய், கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். என் ஆபீஸ் எது என்று அவருக்குத் தெரியாது. கப்பல் ஆபீஸ் என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். அந்தத் தெருவில் கப்பல் ஆபீசுக்குக் குறைச்சல் இல்லை.

பகல் பதினொரு மணி இருக்கும். நிமிர்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சேலையில் அக்கா. தலையைப் படிய வாரியிருந்தார். காலில் செருப்புகூட இருந்தது.

“நீ இங்கதான் இருக்கியா தம்பி,” என்றார் சந்தோஷத்தோடு. “நல்லதாப் போச்சு. எந் தம்பி இங்க வேல செய்றானாம். கூப்பிடுறியா?” அவர் கண் என்னைத் தாண்டி, உள்ளே வரிசையாகக் குனிந்திருந்த தலைகளில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தது.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அதற்குள் பெரிய கிராணி எழுந்து வந்துவிட்டார். அக்கா துணியைப் பிரித்துப் படத்தை அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடடே, இது நம்ம ஆளுதான்லா,” என்று படத்தை என் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். “யாருய்யா வரைஞ்சது? நல்லாருக்கே.”

ஆபீசே சிரித்தது. அக்கா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“மழையில போயிடுச்சுக்கா,” என்றேன். “போன வருசமே. நாந்தான் வரைஞ்சேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், எப்படிப் போயிற்று என்று கேட்பார், காத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். கோட்டு விஷயத்தையும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன்.

“நான் கேட்டேனே தம்பி,” என்றார்.

அவ்வளவுதான். படத்தைத் துணியால் மூடி, மழைக்காலத்தில் மூடிவைப்பதுபோல நாலு பக்கமும் செருகி, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வெளியே ரிக்‌ஷாக்காரன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். திரும்பும்போது இரண்டு பேராகப் போவோம் என்று நிற்கச் சொல்லியிருந்தாராம்.

அந்தப் படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது. படத்தில் இருப்பவனுக்கு முடி நிறைய இருக்கிறது. அந்தக் காது ஒன்று மட்டும் அவனுடையது.

மறு வருஷப் பூசத்துக்குப் போனேன். காய்ச்சல் வரவில்லை. கொட்டகை திறந்திருந்தது. வாசலுக்கு இடப்பக்கத்து ஆணியில் யாரோ தாமரைப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அக்கா வழக்கமான இடத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காட்டுவதற்குப் படம் இல்லை, அதனால் வாயால் கேட்டார். “எந் தம்பி, கெடாவுக்கு ரயில் வேலைக்குப் போனவன். பாத்திருக்கீங்களா?”

சுங்கை பட்டாணிக்காரர் ஒருவர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, நின்று கேட்டார். நல்ல மனுஷர். “ஆளு எப்படி இருப்பாரு, சொல்லுங்கம்மா. அந்தப் பக்கம் பாத்தா சொல்லலாம்.”

“நல்ல ஒசரம். இடது மணிக்கட்டுல சுட்ட தழும்பு. ஒரு காது கொஞ்சம் வெளிய நிக்கும்.”

“மொகம்?”

அக்கா கண்ணை மூடினார். உருமி மேளம் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், தூரத்தில் தேய்ந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரிடம் என்ன கேட்டாலும் பதில் வரும்வரை நிற்கிற அவரிடம், ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் கண்ணைத் திறந்தபோது வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். கோபம் இல்லை. சட்டியில் நாற்று பட்டுப்போனதைச் சொல்கிற குரல்தான்.

“கண்ண மூடுனா இந்தத் தம்பி மொகந்தான் வருது. அதுக்கு முந்தி இருந்தது வரமாட்டேங்குது.”

சுங்கை பட்டாணிக்காரருக்கு என்ன புரிந்ததோ, என் பக்கம் திரும்பினார். கிட்டே வந்து நெற்றியையும் மூக்கையும் தாடையையும் நிதானமாகப் பார்த்தார்.

“சரிம்மா,” என்றார். “இந்த மொகத்த மனசுல வச்சிக்கிறேன். அந்தப் பக்கம் எங்கயாச்சும் பாத்தா கண்டிப்பா சொல்லி அனுப்புறேன்.”

அவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. நான் அசையாமல் நின்றேன்.